மூட்டத்தில் தெரியும் மணல்

சூரியோதயம் பார்க்கத்தான் கடற்கரைக்குப் போக வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கன்னியாகுமரியில் அது பார்க்க வேண்டியதுதான். ஆனால் வெயில் ஏறிவிட்டால் கண் கூசுகிறது, கரையில் ஒன்றும் தெரிவதில்லை. தனியே நடக்கிறவருக்கு ஐப்பசிக் கடைசியிலிருந்து மார்கழி வரை வருகிற மூட்டமான நாள்களே உகந்தவை. இடம், என்னைக் கேட்டால், தரங்கம்பாடி.

அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, 1620இல் டேனியர் எழுப்பத் தொடங்கிய கோட்டையைப் பார்த்து நிற்பார்கள். கடலைப் பார்க்கிறவர்களும் அலையைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அலையைவிட, அது ஏறி இறங்கும் ஈரமணல் பெரிது.

வெள்ளை மணல் லேசு. திரும்பும் தண்ணீர் அதை அள்ளிக்கொண்டு போய்விடும். இல்மனைட்டும் கார்னெட்டும் கனம் என்பதால் தங்கிவிடும். கருப்பும் அரக்குச் சிவப்புமாக ரேகை விழுவது அப்படித்தான். ஓரிடத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். மணலில் பாதி புதைந்த ஒரு கிளிஞ்சல் துண்டு. தண்ணீர் அதை முட்டி, இரண்டாகப் பிரிந்து இறங்குகிறது. இறங்கி முடிந்ததும், கிளிஞ்சலிலிருந்து கடலைப் பார்த்து விரியும் இரண்டு கரிய கோடுகள், கைதேர்ந்தவள் இழுத்த கோலக் கம்பி போல, பிசிறில்லாமல். அடுத்த அலை அதை அழித்துவிட்டு வேறொரு கிளிஞ்சலுக்கு வேறு மாதிரி போட்டுக் கொடுக்கிறது. வெயிலில் இது கிடைக்காது. ஈரமணல் மொத்தமும் பளபளத்து ரேகையை விழுங்கிவிடும். மேகம் மூடினால்தான் கருப்புக்குள் இருக்கும் சிவப்புகூடக் கண்ணுக்கு வரும்.

வாடைக்கால அலை மணலைத் தெற்கே தள்ளும். தென்மேற்குப் பருவத்தில் அது மறுபடி வடக்கே ஏறும். அதனால் கார்த்திகை, மார்கழியில் கரை ஒடுங்கி, சில இடங்களில் முழங்கால் உயரத்துக்கு வெட்டு விழுந்திருக்கும். அந்த வெட்டின் பக்கத்திலும் கருமணலும் வெண்மணலும் அடுக்கடுக்காகத் தெரியும். காலால் இடித்துத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

கடல் கொந்தளித்துப் படகுகள் கரையேறிக் கிடக்கும் காலைகளில் முன்பெல்லாம் வலை சீர்பார்க்கும் பெரியவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் நடப்பேன். “வாடை திரும்பிடுச்சு தம்பி, மத்தியானத்துக்குள்ள வந்துரு” என்பார் ஒருவர். அவர் சொன்னால் மழை தப்பாது. இப்போது நடக்க வருகிறவர்கள் கைப்பேசியில் பாட்டை உரக்க வைத்துக்கொண்டு வருகிறார்கள். அலை பின்வாங்கும்போது கிளிஞ்சல்கள் உரசும் சத்தம் யார் காதிலும் விழுவதில்லை. இங்கே ஓசோன் காற்று என்று சொல்லி ஆள் கூட்டுகிறார்கள். வாடையை வாடை என்று சொன்னால் போதாதா?

1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கக் கல் கொட்டியிருக்கிறார்கள். வேறு வழியில்லை, புரிகிறது. ஆனால் கல் கிடக்கும் இடத்தில் ரேகை விழாது. கரை நெடுகக் கல்லைக் கொட்டிக்கொண்டே போவதற்கு முன் அந்த மணலையும் யாராவது ஒருமுறை பார்க்க வேண்டும்.

புயல் எச்சரிக்கை இல்லாத நாளாக, மழை விட்ட மறுநாள் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, முதலில் காற்றுக்கு எதிரே வடக்காக நடங்கள். துணைக்கு யாரும் வேண்டாம்.