ஆங்கில நிலப்பெயர்களும் பொருள் கொள்ளும் முறையும்

1. இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்கள் பெற்ற கவனத்தை அவ்வூர்களின் நிலத்துண்டுப் பெயர்கள் நெடுங்காலம் பெறவில்லை. 1923இல் தோன்றிய ஆங்கில இடப்பெயர்க் கழகத்தின் தொடக்கத் தொகுதிகளிலும் இவற்றுக்குச் சிறிதளவு இடமே கிடைத்தது. இக்குறையை நீக்க முற்பட்டவர்களுள் ஜான் ஃபீல்ட் முதன்மையானவர். 1972இல் வெளிவந்த அவரது ஆங்கில நிலப்பெயர் அகராதி இத்துறைக்கு அடிப்படை நூலாக அமைந்தது. எனினும் அகர வரிசை என்னும் அமைப்பே பொருள் விளக்கத்திற்கு ஒரு தடையாகிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. நிலப்பெயர்களுக்குரிய வளமான சான்று, 1836ஆம் ஆண்டின் தசமபாக மாற்றுச் சட்டத்தின்படி உருவான வரைபடங்களும் பட்டியல்களும் ஆகும். விளைபொருளாகச் செலுத்தப்பட்ட தசமபாகத்தைப் பணமாக மாற்றுவதே இச்சட்டத்தின் நோக்கம். இதற்காகப் பாரிஷ் என்னும் திருச்சபை வட்டாரம்தோறும் நிலங்களுக்கு எண் இடப்பட்டது. உரிமையாளர், பயிரிடுபவர், நிலத்தின் பெயர், பயன்பாடு, பரப்பு, செலுத்த வேண்டிய தொகை ஆகியன தனித்தனிப் பத்திகளில் எழுதப்பட்டன. எனவே பெயர் அங்குத் தனித்து நிற்பதில்லை; பரப்போடும் பயன்பாட்டோடும் சேர்ந்தே நிற்கிறது.

'ஹண்ட்ரட் ஏக்கர்ஸ்' என்னும் பெயர் இதற்கு நல்ல சான்று. மிகச் சிறிய துண்டு நிலத்திற்கும் இப்பெயர் எள்ளலாக வழங்கியுள்ளது. பரப்புப் பத்தியை நீக்கிவிட்டால் எள்ளல் மறைந்து, நூறு ஏக்கர் நிலம் என்னும் பொய்ப்பொருள் எஞ்சும். 'பாட்டனி பே' என்பதும் அத்தகையதே. குற்றவாளிகளை அனுப்பத் திட்டமிடப்பட்ட ஆஸ்திரேலியக் கடற்கரையின் பெயர், ஊருக்குத் தொலைவிலுள்ள நிலத்திற்கு ஏறியது. நிலம் பாரிஷின் எல்லையோரம் கிடப்பதை வரைபடம் காட்டும்; சொற்பிறப்பு காட்டாது.

3. மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் இடர் இதனினும் நுட்பமானது. ஏக்கர், பர்லாங்கு ஆகிய இரண்டும் அளவைச் சொற்களாகத் தமிழில் வேரூன்றியவை. பழைய ஆங்கிலத்தில் முன்னது உழுநிலத்தைக் குறித்தது. பின்னது உழுசாலின் நீளம் என்னும் பொருளில் தோன்றியது. பொதுவயல் முறையில் ஒரே திசையில் அமைந்த நீள்பட்டைகளின் தொகுதிக்கும் அது பெயராயிற்று. நிலப்பெயரில் வரும் இச்சொல்லை 220 கெசம் எனக் கொள்வது பிழையாகும்.

'ஃபீல்ட்' என்னும் சொல்லோ மூன்று நிலைகளைக் கடந்தது. முதலில் அது காடல்லாத வெட்டவெளியைக் குறித்தது. பின்னர்ப் பலருடைய பட்டைகளைக் கொண்ட பெரும்பரப்பைச் சுட்டியது. நாட்டிங்காம்ஷயரின் லாக்ஸ்டனில் இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. அங்குள்ள மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்பன இப்பொருளுக்குரியவை. வேலியடைப்புக்குப் பின் ஒருவருக்குரிய அடைத்த நிலமும் அச்சொல்லாலேயே சுட்டப்பட்டது. இம்மூன்றையும் 'வயல்' என்றே பெயர்த்தால் வேலியடைப்பு என்னும் சமூக மாற்றமே மொழிபெயர்ப்பில் மறைந்துவிடும். அன்றியும், வயல் என்றதும் தமிழர் மனத்தில் எழும் நெல்லும் நீரும் அங்கு இல்லை. வெட்டவெளி, பொதுவயல், அடைப்புநிலம் எனக் காலத்திற்கேற்பப் பிரித்து வழங்குவது பொருந்தும்.

4. 1993இல் ஃபீல்ட் எழுதிய நிலப்பெயர் வரலாறு பெயர்களைப் பொருள்வகையால் தொகுத்தது. இது ஒரு முன்னேற்றமே. ஆயினும் அண்டை நிலங்களின் தொடர்பு அதிலும் பிரிந்துபோகிறது. இடப்பெயர்க் கழகத்தின் பிற்காலத் தொகுதிகள் பாரிஷ் வாரியாகப் பெயர்களைத் தருவது இவ்வகையில் சிறந்த முறை. மற்றொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது. வேலியடைப்பின்போதே தசமபாகம் தீர்க்கப்பட்ட ஊர்கள் நடு இங்கிலாந்தில் மிகுதி. அவற்றுள் பலவற்றுக்கு இவ்வரைபடங்கள் இல்லை. பட்டியலில் காணப்படாமையால் ஒரு பெயர் வழங்கவில்லை என முடிவு கட்டலாகாது.

நிலப்பெயர் ஒரு சொல் மட்டுமன்று. இடம், காலம், பரப்பு ஆகிய மூன்றோடும் பிணைந்த ஆவணம் அது. அகராதியைத் திறக்குமுன் வரைபடத்தை விரிப்பதே ஆய்வாளர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய முறையாகும்.