பரிந்துரைக் கடிதம் எதை அளக்கிறது?

அமெரிக்காவில் மனநல மருத்துவ மேற்பயிற்சிக்கு விண்ணப்பிப்போர் மூத்த மருத்துவர்களின் பரிந்துரைக் கடிதங்களையும் சேர்த்து அனுப்ப வேண்டும், பொதுவாக மூன்று. நம் நாட்டில் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணே இடத்தைத் தீர்மானிக்கிறது. எது சிறந்த முறை?

ஒரு கருவியை நம்புமுன் அது எதை அளக்கிறது என்று கேட்பது இயற்பியல் மரபு. எழுத்துத் தேர்வு பாட அறிவை அளக்கும். நோயாளி தயங்கித் தயங்கிப் பேசும்போது மருத்துவர் பொறுமையாகக் கேட்கிறாரா என்பதை அளக்காது. மனநல மருத்துவத்திற்கோ அதுவே உயிர்நாடி. அருகிருந்து கண்டவரே அதைச் சொல்ல முடியும்.

ஆனால் கடிதங்கள் பலவற்றில் காண்பது என்ன? 'கடின உழைப்பாளி, நற்பண்பாளர்.' எந்தப் பொருளை வைத்தாலும் ஒரே எடை காட்டும் தராசினால் பயன் உண்டா?

வேறொரு குறையும் உண்டு. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்த இராமானுஜனுக்கு மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கடிதம் தந்தார். பழவேற்காட்டு மீனவர் குப்பத்திலிருந்து மீஞ்சூர் வந்து ரயிலேறிப் படிக்கப் போகும் முதல் தலைமுறை மாணவிக்கு அத்தகைய அறிமுகம் எளிதில் கிட்டுமா? அங்கே கடிதம் அளப்பது திறமையை அன்று, செல்வாக்கை.

ஆகவே, கடிதம் மதிப்பெண்ணுக்குத் துணையாகலாம், மாற்றாகக் கூடாது. எழுதுவோர் தாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியையேனும் எழுதட்டும், காணாததை விட்டுவிடட்டும்.