பச்சைக்கோடு

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றி, செங்கம் சாலையின் கிளைத் தெருக்களில் கட்டட வேலைக்குக் குறைவில்லை. கொத்தனார் பையில் தூக்குக்குண்டோடு இப்போது லேசர் மட்டமும் சேர்ந்துகொள்கிறது.

தண்ணீர் டியூபில் மட்டம் பார்க்க இரண்டு ஆள் வேண்டும். நடுவில் காற்றுக்குமிழி சிக்கினால் கணக்கே தப்பும். லேசர் மட்டத்தை முக்காலியில் வைத்துப் பொத்தானை அழுத்தினால், சுவர்களில் ஒரே உயரத்தில் பச்சைக்கோடு விழும். ஒரே ஆள் குறித்துவிடலாம். சாரத்தில் ஏறி இறங்குவதும் குறையும்.

உள்ளே தொங்கி ஆடும் சிறு எடைதான் கோட்டைச் சமன்செய்கிறது. தூக்குக்குண்டின் பேரன் என்று சொல்லலாம். 1949இல் குடமுழுக்கு கண்ட ஆசிரமத்து மாத்ருபூதேஸ்வரர் கோயிலின் கருங்கல் சுவர்களுக்கும் புவியீர்ப்புதான் அளவுகோல்.

வீடு கட்டுகிறவர்களே, கொத்தனார் கேட்டால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். ஒளிக்கற்றையை நேராகப் பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள்.