தலைவி வந்தார், தண்ணீர் வந்ததா?

“நாற்காலி மனைவிக்கு, ஆட்சி கணவனுக்கு!” ஊராட்சித் தேர்தல் முடிந்த மறுநாளே தேநீர்க்கடையில் எழும் கேலி இது. கேலி பேசுவோர் அனைவரும் பழமைவாதிகள் அல்லர். நம் தோழர்களும் சேர்ந்து சிரிக்கின்றனர். சிரிப்பையும் சோதித்துப் பார்ப்பதன்றோ பகுத்தறிவு!

சோதித்துப் பார்த்தனர், ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டூஃப்ளோ எனும் பொருளியல் அறிஞர் இருவர். 2004இல் வெளிவந்த அவர்தம் ஆய்வுக் கட்டுரை, மேற்கு வங்கத்துப் பீர்பூம், ராஜஸ்தானத்து உதய்பூர் மாவட்டங்களில் 265 ஊராட்சிகளை ஆராய்கிறது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. எந்த ஊராட்சிக்கு என்பதை ஊரார் முடிவு செய்யவில்லை. சுழற்சி முறை முடிவு செய்தது. ஆய்வின் உயிர்நாடி இதுவே. முற்போக்கான ஊர் பெண்ணைத் தேர்ந்தெடுத்தது, முன்னேற்றமும் வந்தது என்று தட்டிக்கழிக்க இங்கே வழியில்லை.

கண்டது என்ன? பெண்கள் எதை வேண்டி மிகுதியாக முறையிட்டனரோ, அதற்கே பெண் தலைவியர் மிகுதியாகச் செலவிட்டனர். உதய்பூரில் குடிநீருக்குக் கூடுதல், சாலைக்குக் குறைவு. பீர்பூமிலோ குடிநீரோடு சாலைக்கும் கூடுதல். ஆண்டவன் கணவனே எனில், அந்த ஊர்க் கணவன்மார்க்கு மட்டும் குடத்தின் கனம் திடீரெனத் தெரிந்தது எங்ஙனம்? முதல் மணி அடித்தபின் ஈரப் பாவாடையோடு ஓடிவரும் என் மாணவியைக் கேளுங்கள், அந்தக் கனம் யாருக்குத் தெரியும் என்று!

ஆயினும், கட்டுரையைத் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாட மனம் ஒப்பவில்லை. பெண் தலைமை ஏற்ற பீர்பூம் ஊராட்சிகளில் பள்ளிசாராக் கல்வி மையங்கள் குறைவு என்ற செய்தியும் அதிலேயே இருக்கிறது. ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு அது கசக்கத்தான் செய்கிறது. இன்னொன்று: கிணறு தோண்டியது எந்தத் தெருவில்? ஊர்த்தெருவிலா, சேரியிலா? சராசரிக் கணக்கு இதற்கு விடை கூறாது.

குழாயும் சாலையும் ஊராட்சியின் கையில். சொத்துரிமையும் மணவுரிமையும் சட்டமியற்றும் மன்றங்களின் கையில். அங்கே மூன்றில் ஒரு பங்கு தர 2023இல் நிறைவேறியது 106ஆவது திருத்தம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பின்னரே எனப் பூட்டும் உடன் போட்டது! காத்திருந்தால் குடியா முழுகிவிடும் என்பார் உளர். காத்திருப்பின் விலையைச் சென்னை அறியும். சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தது 1927இல். தாசியரின் மானிய நிலங்கள் கோயில் ஊழியக் கடமையினின்று விடுபட்டது 1929இல். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் பிறந்ததோ 1947இல்! மன்றத்துக்கு வெளியே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடை மேடையாய் முழங்கியும் 20 ஆண்டுகள். அதற்கிடையில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமியர் எத்தனை பேரோ!