ஒன்றியப் பள்ளியின் ஏப்ரல்

சேலம், நாமக்கல் என்றதும் படிப்பைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மதிப்பெண். ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரங்களில் விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள் அடுத்தடுத்து எழுந்த காலத்தில், தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளைப் பெட்டியும் படுக்கையுமாகக் கொண்டுவந்து இங்கே விட்டுப் போனார்கள். 2017 மே மாதம் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தபோது, மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் போடும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. அதற்குப் பிறகும் சாலையோர ஃபிளெக்ஸ் பலகைகள் குறையவில்லை. அந்தப் பலகைகளைத் தாண்டி ஊருக்குள் போனால் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கும். அங்கேயும் ஏப்ரலில் ஓர் ஆண்டு முடிகிறது. அந்த ஆண்டின் விளைச்சலைச் சாலையில் நின்று பார்க்க முடியாது. உள்ளே போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தால்தான் தெரியும். அப்படி உட்கார்ந்து பார்த்ததில் என் மனசை விட்டு அகலாத சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

கொரோனாக் காலத்துப் பூட்டிலிருந்து தொடங்க வேண்டும். தறிக்குப் போகிற, பண்ணைக்குப் போகிற, லாரிக்குப் போகிற வீடுகளில், பள்ளி இல்லாத ஒன்றரை வருசத்தில் எழுத்து மறந்துபோனது. 2021 அக்டோபரில் அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் வந்தது. சாயங்காலம் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் ஊர்ப் பெண்களே சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ்நாட்டு ஊர்ப்புறக் குழந்தைகள் ஏறத்தாழ 19,000 பேரைத் தொடர்ந்து கவனித்த பொருளியல் அறிஞர்கள், பள்ளி திறந்து ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்று 2022-இல் எழுதினார்கள். அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இந்தச் சாயங்கால வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. திண்ணையில் உட்கார்ந்து பாடம் சொன்ன பெண்களுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைத்திருக்க முடியாது.

அதே 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். இந்த ஏற்பாட்டில் நான் ரசிப்பது, ஒரே பையன் கணக்கில் மலராகவும் தமிழில் அரும்பாகவும் இருக்கலாம் என்பதைத்தான். எங்கள் காலத்தில் ஒரு பையன் ஒன்று கெட்டிக்காரன், இல்லாவிட்டால் மக்கு. நடுவில் இடமே கிடையாது. இப்போது மூன்றாம் வகுப்பில் ஒருத்தி எழுந்து போய் அரும்பு வட்டத்தில் உட்கார்ந்து, கணக்குப் பாடம் வந்ததும் மலர் வட்டத்துக்கு மாறி உட்காருகிறாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தத் திரும்பிப் பார்க்காமைதான் இந்தத் திட்டத்தின் நயம்.

இனி, ஒரு குழந்தை வாசிப்பதைக் கிட்ட இருந்து பார்ப்போம். 2023-இல் வந்த வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்கள் வகுப்பு மூலையில் கயிற்றில் தொங்குகின்றன. நுழை, நட, ஓடு, பற என்று அவற்றுக்கு நான்கு படிகள். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘நுழை’ புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறாள். அம்மாவும் அப்பாவும் விசைத்தறிக்குப் போகிறவர்கள். ஜூன் மாதம் அவள் வாசித்தபோது ஒவ்வோர் எழுத்துக்கும் தலை ஒரு தடவை ஆடியது. விரல் எழுத்துக்குக் கீழே நின்றது. ‘கொக்கு’ என்ற சொல் வந்தது. தமிழ் எழுத்தில் கொகரம் எவ்வளவு கடினம் என்று பெரியவர்கள் மறந்துவிட்டோம். ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, ககரம் நடுவில், கால் பின்னால். மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க முடியும். அவள் கொம்பைப் பார்த்தாள், ககரத்தைப் பார்த்தாள், ‘கெ’ என்றாள். அதற்கப்புறம்தான் கால் கண்ணில் பட்டது. விரல் பின்னால் வந்தது. மறுபடி ‘கொ’ என்றாள். ஒரு சொல்லுக்குள் ஒரு பயணம், ஒரு தவறு, ஒரு திருத்தம், எல்லாம் நடந்து முடிந்தன.

ஏப்ரலில் அதே பெண். விரல் இன்னும் வரிக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனால் கண் அதைவிட நாலு எழுத்து முன்னால் ஓடுகிறது. கொம்பும் ககரமும் காலும் ஒரே பார்வையில் விழுகின்றன. வரி முடிவதற்குள் இடது கை பக்கத்தைப் பிடித்துத் தயாராக நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது, அவள் சிரித்த நேரம். அடுத்த பக்கத்தில் வரப்போகிற வேடிக்கையைக் கண் முதலில் பார்த்துவிட்டது, வாய் இன்னும் பழைய வரியில் இருக்கிறது, அதனால் வரியின் பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. வாசிப்பு வந்துவிட்டது என்பதற்கு நான் அறிந்த அடையாளங்களில் இதுவே உறுதியானது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் போடுகிறார்கள். அந்த முந்திக்கொண்டு வந்த சிரிப்புக்கு அந்த நூறில் இடமில்லை. ஆனால் டீச்சர் அதைக் கவனித்தார். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பிள்ளையை அழைத்தார்.

அந்த வகுப்பறைச் சுவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்தபோது, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இரண்டு பொருள்கள் குடியேறின. ஒன்று, கீழ்மட்டக் கரும்பலகை. தரையிலிருந்து பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குச் சுவரைச் சுற்றிக் கறுப்பு அடித்து, ஆளுக்கொரு கட்டம் பிரித்தது. இன்னொன்று, கம்பிப் பந்தல். தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் அதில் தொங்கவிடுவார்கள். அந்தக் கற்றல் முறை மாறிவிட்டது. ஆனால் கறுப்புப் பட்டையும் கம்பியும் பல பள்ளிகளில் இன்னும் இருக்கின்றன, பிள்ளைகள் அவற்றை விட்டுக்கொடுக்கவில்லை.

ஏப்ரலில் அந்தக் கம்பிப் பந்தலின் கீழ் நிமிர்ந்து நடந்தால் ஒரு வருசத்தைத் தலைக்கு மேல் பார்க்கலாம். திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் பார்த்த லாரிப் படங்களை மறக்க முடியாது. ஜூன் மாதத்து லாரி ஒரு பெட்டி, இரண்டு வட்டம். அடியில் பெயர் எழுதியிருந்தால்தான் அது லாரி. ஏப்ரல் மாதத்து லாரிக்குப் பக்கத்துக் கண்ணாடி இருக்கிறது, முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன, எண் பலகையில் ‘டிஎன் 34’ என்றிருக்கிறது. திருச்செங்கோட்டு எண் அதுதான். வரைந்த பையன் பின் சக்கரங்களை இரட்டை இரட்டையாகப் போட்டிருக்கிறான். பத்துச் சக்கர வண்டியா, பன்னிரண்டா என்று கேட்டேன். “பத்துங்க சார். பன்னெண்டுன்னா இங்க இன்னொண்ணு வருமுங்க” என்று பேனாவால் இடம் காட்டினான். பக்கத்தில் தொங்கியது போர் போடும் ரிக் வண்டி. கோபுரத்தை மடித்துப் படுக்கவைத்து, பின்னாலேயே கம்ப்ரசர் லாரியும் வருகிறது. அதை வரைந்த பையனின் அப்பா போர் போடும் வேலைக்கு வடக்கே போனவர், ஊருக்கு மாதக்கணக்கில் வருவதில்லை. கோபுரம் நிமிர்ந்து வேலை செய்வதை அவன் வரையவில்லை. மடித்து வைத்து ஊருக்குத் திரும்புகிற வண்டியைத்தான் வரைந்திருந்தான்.

நடுநிலைப் பள்ளிகளுக்கு வானவில் மன்றம் உண்டு. 2022 நவம்பர் 28-இல் திருச்சியில் தொடங்கிவைத்தது. ஆறு முதல் எட்டு வகுப்புவரை அறிவியலும் கணக்கும் கையால் செய்து பார்ப்பதற்கு. கருத்தாளர் ஒருவர் பையோடு வருவார். நாமக்கல் பக்கத்தில் அந்தப் பையைவிட வீட்டுப் பொருள் அதிகம் கைகொடுக்கிறது. உப்புத் தண்ணீரில் முட்டை மிதப்பது எல்லா ஊரிலும் செய்கிற சோதனைதான். ஆனால் மதிய உணவில் 2010 முதல் வாரம் ஐந்து நாளும் முட்டை, வீட்டைச் சுற்றிப் பண்ணை, அப்பா முட்டை வண்டியில் என்று வாழ்கிற பிள்ளைக்கு, அந்த முட்டை புதிதாக ஒன்றைச் செய்துவிட்டது. உப்பு ஒவ்வொரு கரண்டியாக விழ விழ, டம்ளர் அடியில் கிடந்தது மெல்ல நிமிர்ந்தது, பிறகு ஒரு முனை மேலே எழுந்தது. “நீந்துதுங்க டீச்சர்!” என்று முதலில் கத்தியவள், முட்டையைத் தினம் நூற்றுக்கணக்கில் அடுக்கிப் பழகிய வீட்டுப் பெண்.

ஆண்டு விழாவுக்கு வருவோம். அரசு தருகிற தொகை சிறிய பள்ளிக்குச் சில ஆயிரம்தான். மீதி ஊர் போடுகிறது. சாமியானா, மைக் செட், சீரியல் பல்பு. பரிசு எவர்சில்வர் டம்ளரும் டிபன் பாக்ஸும். ஆட்டம் பாட்டம் எங்கும் உள்ளதுதான், அதில் நிற்கவில்லை. சேலத்துப் பக்கம் தெருக்கூத்து உயிரோடு இருக்கிற மண். 2022-லிருந்து நடக்கிற கலைத்திருவிழாவில் கூத்துக்கும் பறைக்கும் மேடை கிடைத்தபிறகு, ஒன்றியப் பள்ளிகளிலும் அது தைரியமாக எட்டிப் பார்க்கிறது. ஐந்தாம் வகுப்பு துரியோதனனுக்கு இரண்டு பையன்கள் வேட்டியை விரித்துத் திரை பிடித்தார்கள். அவன் முறைப்படி முதலில் முதுகைக் காட்டி நின்று, கிரீடத்தின் உச்சியை மட்டும் திரைக்கு மேல் அசைத்தான். சாக்லேட் தாள் ஒட்டிய அட்டைக் கிரீடம். முன் வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த அசைவை அவர் அறிவார்.

ஆனால் விழாவில் நான் காத்திருப்பது தலைமையாசிரியர் வாசிக்கும் ஆண்டறிக்கைக்கு. பலரும் அப்போதுதான் காப்பிக்கு எழுந்து போகிறார்கள். நான் போக மாட்டேன். ஒரு பள்ளியின் முழு வருசமும் அந்த இரண்டு தாளில் இருக்கிறது. முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் இத்தனை பேர். காலை உணவு சமைக்கும் மகளிர் குழுவினருக்கு நன்றி. ரிக் வண்டி வைத்திருக்கும் முன்னாள் மாணவர் காசு வாங்காமல் போர் போட்டுக் கொடுத்தார், தண்ணீர் இன்ன அடியில் வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது பள்ளி மேலாண்மைக் குழு. சுவர்க்கடிகாரம் தந்தவர் பெயர். மின்விசிறி தந்தவர் பெயர். இரண்டு மூட்டை சிமெண்ட் தந்தவர் பெயரும், லட்சம் கொடுத்தவர் பெயரும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் வருகின்றன. வகுப்புக்கு ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளையின் பெயர் வரும்போது மட்டும் அந்தக் குரல் கொஞ்சம் உயர்கிறது. நல்ல உரைநடைக்கு எடுத்துக்காட்டு தேடுகிறவர்கள் இந்த ஆண்டறிக்கைகளைப் படிக்கலாம். வேண்டாத சொல் ஒன்றுகூட இருக்காது.

இவ்வளவையும் செய்வது பல இடங்களில் இரண்டே ஆசிரியர்கள். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பும் இரண்டு பேர் கையில். அதோடு எமிஸ் என்னும் கல்வித்துறைச் செயலியில் வருகை ஏற்ற வேண்டும், மதிப்பீடு ஏற்ற வேண்டும், சிக்னல் கிடைக்காவிட்டால் வாசலுக்கு வந்து கைப்பேசியை உயர்த்திப் பிடிக்க வேண்டும். அந்த நேரம் பிள்ளை வாசிப்பதைக் கேட்க வேண்டிய நேரம். வாசிக்கிற குழந்தைக்கு முதலில் வேண்டியது கேட்கிற ஒரு பெரியவர். அந்த நேரத்தைப் பிடுங்குவதை என்னால் சிறு குறை என்று ஒதுக்க முடியவில்லை.

கேட்பதைப் பற்றி ஒரு டீச்சரும் ஒரு தாயும் பேசிக்கொண்டது இது. விழா முடிந்து, தறி ஷிப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் அந்தத் தாய் கேட்டார்: “பாப்பா எப்படீங்க டீச்சர் படிக்குது?”

“நல்லாப் படிக்குதுங்கம்மா. லீவுல ராத்திரி பத்து நிமிசம் படிக்கச் சொல்லிக் கேளுங்க, போதும்.”

“எனக்கு எழுத்துத் தெரியாதுங்களே டீச்சர்.”

“தெரிய வேண்டாமுங்க. கேட்டாப் போதும். தப்பாப் படிச்சா அதுக்கே தெரியும்.”

கடைசி வேலை நாட்களில் ஐந்தாம் வகுப்புக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதுவார்கள். அதில் அங்க அடையாளம் இரண்டு குறிக்க வேண்டும். பதிவேட்டில் முன்பே இருந்தாலும் சரிபார்க்காமல் எழுத மாட்டேன் என்கிற தலைமையாசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். பிள்ளைகளை ஒவ்வொருவராக மேசைப் பக்கம் நிறுத்தி, கையைத் திருப்பி, முழங்காலைப் பார்த்து, மச்சத்தையும் தழும்பையும் தேடுகிறார். தழும்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. “இது சைக்கிள்ல உளுந்ததுங்க.” “இல்லீங்க டீச்சர், பொய் சொல்றான், புளியமரத்துல ஏறி உளுந்தான், நாங்க பார்த்தோமுங்க!” என்று வகுப்பே எழுந்து சாட்சி சொல்கிறது. அம்மாயி வீட்டில் பட்டதா, அடுப்படியில் பட்டதா என்று இன்னொரு தழும்புக்கு வழக்கு நடக்கிறது. அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தரப்பையும் முழுதாகக் கேட்கிறார். பிறகு, ‘இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு’ என்று எழுதி, அடுத்தவனை வரச் சொல்கிறார்.