சொன்னது பொய்யானால் ஆய்வும் பொய்யா?

"பழைய காற்பந்து வீரர் ஒருத்தரைப் பேட்டி எடுத்திருக்கேன் சார். அதை ஆய்வுன்னு எழுதலாமா?" இடுபணிக் காலத்தில் மாணவர் இப்படிக் கேட்டால், "கதை வேற, ஆய்வு வேற" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்தப் பதில் பாதிதான் சரி.

நம் பதிலுக்குத் துணை நிற்கும் வலுவான சான்று லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். 1996இல் புற்றுநோய் கண்டு, மீண்டு, 1999 முதல் 2005 வரை பிரான்சுச் சுற்று மிதிவண்டிப் போட்டியில் ஏழு முறை வென்றவர். 2000இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறு நேர்மையான வெற்றியாகவே அதைச் சொன்னது. 2012இல் ஏழு பட்டங்களும் பறிபோயின. 2013இல் ஊக்கமருந்து எடுத்ததைத் தொலைக்காட்சியில் அவரே ஒப்புக்கொண்டார்.

அந்தத் தன்வரலாற்றை வைத்து 2004இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதியவர் ஆண்ட்ரூ ஸ்பார்க்ஸ். அப்படின்னா அவர் ஆய்வும் வீணா? இல்லை. அவர் ஆராய்ந்தது ஆம்ஸ்ட்ராங் எப்படி வென்றார் என்பதை அல்ல. தன் உடலையும் நோயையும் தன்னையும் எப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்பதை. சொன்னது பொய்யென்று தெரிந்த பிறகும் அந்தக் கேள்வி நிற்கிறது. நோயையும் ஓர் எதிராளியாக்கி வென்றுகாட்டும் வீரனின் கதையை நாம் ஏன் அவ்வளவு எளிதாக நம்பினோம் என்ற இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

இந்த முறையின் பலத்தை கிட்ரினா டக்ளஸ், டேவிட் கார்லெஸ் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் தெளிவாகப் பார்க்கலாம். டக்ளஸ் முன்னாள் தொழில்முறை கோல்ஃப் வீராங்கனை. தொழில்முறை வீராங்கனைகளின் வாழ்க்கைக் கதைகளில் அவர்கள் மூன்று வகைகளைக் கண்டார்கள்: வெற்றியே எல்லாம் என்னும் சாதனைக் கதை, புதிய அனுபவங்களைத் தேடும் கதை, பிறரோடுள்ள பந்தத்தை முதன்மையாக்கும் கதை. பின்னிரண்டும் விளையாட்டு உலகில் அதிகம் காதில் விழாதவை. "வெற்றி உங்களுக்கு முக்கியமா? ஆம், இல்லை" என்று படிவம் நீட்டியிருந்தால் அவை வெளியே வந்திருக்காது.

ஆனாலும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். கதை உருக்கமாக இருந்தால் ஆய்வாளர் கேள்வி கேட்க மறந்துவிடுகிறார். பல மாணவர் கட்டுரைகள் பாராட்டுரையாக முடிவதும் இதனால்தான்.

எனவே, அந்த மாணவரிடம் இப்படிச் சொல்லலாம்: "எழுதுப்பா. எந்த ஆண்டு, எத்தனை கோல் என்பதைப் பழைய நாளிதழ்ல சரிபாரு. தோற்ற நாளைப் பத்தி அவர் எப்படிப் பேசுறாரு, எதைச் சொல்லாம தாண்டிப் போறாருன்னு கவனி. அதுதான் உன் ஆய்வு."