மோன்-ஓரியோல்: தண்ணீருக்குக் கிடைத்த பேர்

பிரான்சின் நடுவில் ஓவெர்ன் என்றொரு மலைநாடு. அணைந்துபோன எரிமலைகள் நிறைந்த பகுதி என்பதால் தாது நீரூற்றுகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே ஆன்வால் என்கிற குக்கிராமம் பணக்காரர்கள் வைத்தியத்துக்கு வந்து குளிக்கும் ஊராக மாறுவதுதான் 1887ல் வந்த மாப்பசானின் ‘மோன்-ஓரியோல்’ நாவல். பக்கத்திலுள்ள ஷாத்தெல்கியோனுக்கு அவரே சிகிச்சைக்குப் போய்வந்தவர். உள்ளே உட்கார்ந்து பார்த்த ஆள் எழுதியது என்பது படிக்கும்போதே தெரியும். (கதை முடிவையும் சொல்லப்போகிறேன், படிக்க இருப்பவர்கள் கவனிக்க.)

ஓரியோல் என்ற விவசாயி தன் நிலத்தில் இடைஞ்சலாக இருந்த பாறையை வெடிவைத்துத் தகர்க்கிறார், ஊற்று கிளம்புகிறது. மனைவியோடு வந்திருந்த ஆண்டர்மாட் என்கிற பேங்கர் உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார். ஆனால் தண்ணி வந்தால் மட்டும் போதுமா? நோய் தீர்ந்ததுன்னு காட்ட ஒரு ஆள் வேணுமே. க்ளோவிஸ் என்ற கிழவர் பகலில் கால் விளங்காதவர், ராத்திரியில் திருட்டு வேட்டைக்காரர். ஓரியோல் காசு கொடுத்து அவரை ஊற்றில் உட்காரவைக்கிறார். கிழவர் நடக்கிறார், ஊரே வாயைப் பிளக்கிறது. நம்ம பாஷையில் சொன்னால் பக்கா ‘டெமோ’. பாரிஸ் டாக்டர்களை வளைப்பது, கம்பெனி, பங்குகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

என்னைப் பொறுத்தவரை நாவலின் உயிர் வேறொரு இடத்தில் இருக்கிறது. ஆண்டர்மாட்டின் மனைவி கிறிஸ்டியான் அங்கே வந்ததே குழந்தை இல்லை என்பதற்காக. கர்ப்பமாகிறாள். கணவர் தண்ணீரைப் புகழ்கிறார், ஆனால் குழந்தை போல் என்ற காதலனுடையது. க்ளோவிஸ் விஷயத்திலும் இதேதான்: நடந்தது ஒன்று, காரணமாகக் காட்டப்பட்டது வேறொன்று. குளித்த பிறகு நடந்ததெல்லாம் குளித்ததால் நடந்தது என்று எடுத்துக்கொள்ளும் ஊரில் எந்தப் பொய்யும் செல்லுபடியாகும். இந்த இரண்டு பொய்களையும் விளக்கம் சொல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் மாப்பசானின் கெட்டிக்காரத்தனம்.

குறையும் இருக்கிறது, சின்னதல்ல. ஆண்டர்மாட் யூதர். அவருடைய பண ஆசையை நாவல் திரும்பத் திரும்பப் பிறப்போடு முடிச்சுப் போடுகிறது. ஓரியோல் ஒவ்வொரு காசுக்கும் பேரம் பேசுகிறார், அது விவசாயியின் தந்திரம். கிறிஸ்டியானின் அண்ணன் கோந்த்ரான், சீதன நிலம் அக்காவுக்குப் போகிறது என்று தெரிந்ததும் தங்கையை விட்டு அக்கா பக்கம் தாவுகிறான், அது பிரபு வீட்டுப் பையனின் விளையாட்டு. மூன்று பேருக்கும் ஆசை ஒன்றுதான், ஒருவருக்கு மட்டும் அது இனத்தின் குணமாம்! யூத வெறுப்பைப் பரப்பிய த்ருய்மோனின் புத்தகம் முந்தின வருடம், 1886ல்தான் வந்தது. காலம் அப்படி என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனசில்லை. வைத்தியத்தில் பொய்க் காரணத்தை அவ்வளவு சுலபமாகக் கண்டுபிடித்தவர், மனிதர்கள் விஷயத்தில் அதே தப்பைச் செய்கிறார்.

காதல் அத்தியாயங்கள் கொஞ்சம் இழுவைதான். ஆனால் கடைசிக் காட்சிக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். இப்போது வேறொருத்தியை மணக்கப்போகும் போல் குழந்தையைப் பார்க்க வருகிறான், கிறிஸ்டியான் தொட்டிலின் திரையை ஊசியால் குத்தி மூடிவைத்திருக்கிறாள்.

பிரான்சில் இன்றும் டாக்டர் சீட்டோடு போனால் 18 நாள் நீர்ச் சிகிச்சைக்கு அரசுக் காப்பீடு ஒரு பங்கைத் தருகிறது. குணமானது தண்ணீராலா, ஓய்வாலா, நம்பிக்கையாலா என்ற கேள்விக்கு வயசாகவில்லை. அதற்காகவே படிக்கலாம்.